கூரைக்கு முட்டுக் கொடுத்த கோணமடைக்காரர்கள்

கோணமடைக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லித் திரிவார்கள். அபாண்டம். புத்தி தாராளமாகவே இருந்தது. ஒரு காரியத்துக்கு ஒரு ஆள் புத்தி போதும் என்கிற இடத்தில் ஊரே கூடி அத்தனை பேர் புத்தியையும் கொட்டிவிடுவார்கள், அதுதான் கோளாறு.

கடலோரத்தில் உப்பளம் வைத்துப் பிழைக்கிற ஊர் அது. வெயில் காலம் முழுக்கப் பாத்தியில் உப்பு வாரி ஒரே அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். போன வருஷம் அப்படிக் குவித்த உப்பு மொத்தமும் மழையில் கரைந்து, வாய்க்கால் வழியாகக் கடலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. உப்பளச் சங்கத் தலைவர் பலவேசம் சும்மா இருக்கவில்லை. மழை விட்டதும் ஊரைத் திரட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். ஆளுக்கு ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்கள்.

“கரிக்குதா?” என்றார் பலவேசம்.

“நல்லாக் கரிக்குது அண்ணாச்சி.”

“அப்போ நம்ம உப்புதாம். களவு போகல. பத்திரமா இங்கனதாம் கெடக்கு.”

எல்லோரும் நிம்மதியாக வீடு திரும்பினார்கள். பலவேசத்தின் மனைவி தங்கபுஷ்பம் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நாங்க பொம்பளைங்க கால் வெடிக்க வெடிக்க வாரிப் போட்ட உப்பு அது. வார வருஷமும் கரைஞ்சுதுன்னு வையுங்க, உங்களையும் அதோட சேத்துக் கரைச்சு விட்டுட்டு எங்க அம்மை வீட்டைப் பாக்கப் போயிருவேன், ஆமா!”

தங்கபுஷ்பம் சொன்னதைச் செய்கிறவள். பலவேசத்துக்கு உப்பின்மேல் ஆசை உண்டு, தங்கபுஷ்பத்தின்மேல் அதைவிட ஆசை. இரண்டும் ஒரே மழையில் போய்விடுமோ என்று அவருக்கு வருஷம் முழுக்க அதே நினைப்பு. மேகம் என்று ஒரு துணுக்கைக் கண்டாலும் சோறு இறங்காது.

அதனால் இந்த வருஷம் அம்பாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கொட்டகை போட்டு, மழைக்கு முன்னால் உப்பை உள்ளே மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. டவுனிலிருந்து சூசை மேஸ்திரி வந்தார். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்று எல்லாம் பனஞ்சட்டத்திலேயே செய்தார். கல்தூண் நட்டு, மேலே உத்தரம் வைத்து, கூரையைத் தாங்கும் சட்டங்களைத் தரையில் கிடத்தி அடித்து முடித்தார். மேஸ்திரி அதை டிரஸ் என்பார். பார்த்தால் முக்கோணமாக இருந்ததால் ஊர்க்காரர்கள் முக்கோணம் என்றே சொன்னார்கள்.

முதல் முக்கோணத்தைக் கயிறு கட்டித் தூக்கி உத்தரத்தின்மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் மேஸ்திரியின் போன் அடித்தது. மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம்.

மேஸ்திரி கைகால் பதறிப் போய் வண்டியை எடுத்தார். ஆனாலும் தொழில் தெரிந்தவர் இல்லையா, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனார்.

“தலைவரே, கவனமாக் கேட்டுக்கிடுங்க. டிரஸ் தனியா நிக்காது, சாயத்தான் பாக்கும். மொத டிரஸ்ஸுக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து, அசையாத எதுலயாவது இழுத்துக் கட்டுங்க. அடுத்து ஏத்துறதை முந்தினதோட மேலயும் கீழயும் கட்டை வச்சு அடிங்க. அதுபோக மூலைக்கு மூலை சாய்வாவும் கட்டை அடிக்கணும். அது இல்லேன்னா ஒண்ணு சாஞ்சா அத்தனையும் சாஞ்சிரும். எல்லாம் அடிச்சு முடிக்காம மேல ஷீட் போடாதீங்க. கீழ ஒருத்தரும் நிக்கக் கூடாது. ரொம்ப முக்கியம், நான் வந்து பாக்குற வரைக்கும் ஒரு முட்டுக்கட்டையைக்கூடக் கழட்டக் கூடாது. உங்களால முடியலேன்னா எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டு எனக்காக இருங்க.”

“என்ன மேஸ்திரி, எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?” என்றார் பலவேசம்.

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்துக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்தாயிற்று. அசையாத பொருளில் இழுத்துக் கட்டுவதுதான் பாக்கி. கயிறு பிடித்தவர்கள் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவசரப்படுகிற காரியமா இது? பலவேசம் கூட்டத்தைக் கூட்டினார்.

“நம்ம ஊர்ல அசையாதது எது? யோசிச்சுச் சொல்லுங்க.”

“உடமரம்?” என்றார் ஒருவர்.

“காத்துக்கு ஆடுதே வே.”

“சொடலைமாடன் கோயில்?”

“கொடைத் திருநாள் வந்தாச் சாமி ஊர் சுத்தப் போவுதுல்லா? நாம கட்டிட்டு வந்த அன்னைக்குச் சாமி கெளம்பிட்டா என்ன செய்ய?”

“தரையில முளை அடிச்சுக் கட்டுவோமே,” என்றாள் தங்கபுஷ்பம்.

எல்லோரும் ஞானதிரவியத்தைப் பார்த்தார்கள். ஊரிலேயே அதிக வருஷம் பள்ளிக்கூடம் போனவர் அவர்தான், ஒவ்வொரு வகுப்பையும் நிதானமாகப் படித்தவர். ஞானதிரவியம் தொண்டையைச் செருமினார்.

“தரை ஆகாது மைனி. பூமி சுத்துதுன்னு சார் சொல்லியிருக்காரு. ராத்திரி பகலா சுத்துதாம். அதுல போய் முக்கோணத்தைக் கட்டச் சொல்லுதியளே!”

கூட்டத்துக்கே தலை சுற்றிவிட்டது. சிலர் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் பலவேசத்துக்குப் பளிச்சென்று தோன்றியது.

“கொம்பையா!”

அடடா, எப்படித் தோணாமல் போயிற்று! கொம்பையா என்பவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறவர். என்றைக்கு வந்து படுத்தார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. புயல் வந்தபோது வேப்பமரத்தின் பாதி பறந்து போனது, கொம்பையா போகவில்லை. கட்டிலுக்கு அடியில் பாம்பு புகுந்த அன்று பாம்புதான் சலித்துப்போய் வெளியே வந்தது.

கட்டிலோடு அவரைத் தூக்கி வந்து, முக்கோணத்தின் கயிற்றை அவர் இடுப்பில் கட்டினார்கள். கொம்பையா கண்ணை மட்டும் திறந்தார்.

“நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது.”

“அதுன்னா செய்வேன்,” என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். ஊர் தன்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்ததில் அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

வேலை மளமளவென்று நடந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று முக்கோணங்கள் ஏறின. மேலேயும் கீழேயும் கட்டை வைத்து அடித்தார்கள். சாய்வுக் கட்டையில் வந்துதான் ஒரு சிக்கல்.

“சாயக் கூடாதுன்னுதானே இத்தனை பாடுபடுதோம்?” என்றார் ஞானதிரவியம். “நேரா நிக்கற முக்கோணத்துக்குப் பக்கத்துல சாஞ்சு நிக்கற கட்டையைக் கொண்டு வச்சா, அதைப் பாத்து இதுவும் சாயப் பழகிராதா? சேர்க்கை சரியில்லேன்னா நல்ல பிள்ளையே கெட்டுப் போவுது. இது கள்ளு ஊறுற பனங்கட்டை வேற.”

ரெண்டு பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சாய்வுக் கட்டைகளை முக்கோணங்களின் கண்ணில் படாதபடி தூரத்தில் கொண்டு போய்ப் போட்டுவிட்டார்கள்.

கடைசி முக்கோணமும் ஏறியது. பலவேசத்துக்கு நெஞ்சு விம்மியது. தங்கபுஷ்பத்திடம், “பாத்தியா? பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் சந்தோஷத்தில் எல்லோருக்கும் சாப்பாடு ஆக்கிக் கொண்டுவந்தாள். அன்றைக்குப் பார்த்து நெய்மீன் குழம்பு. மூடியைத் திறந்தாள் பாருங்கள், வாசனை காற்றில் ஏறிப் போய்க் கொம்பையா மூக்கைத் தொட்டது.

புயலுக்கு அசையாத கொம்பையா எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து நின்றார். அப்புறம் குழம்புச் சட்டியை நோக்கி நடந்தே வந்துவிட்டார். இடுப்புக் கயிறு இழுக்க, முதல் முக்கோணம் சாய்ந்து இரண்டாவதின் மேல் விழ, இரண்டாவது மூன்றாவதின் மேல் விழ, தடதடவென்று அத்தனையும் தரைக்கு வந்தன. கீழே ஒருவரும் நிற்கக் கூடாது என்ற சொல்லை ஊர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்ததால் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பனங்கட்டை ஆனதால் முக்கோணங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புழுதி அடங்கியதும் கொம்பையா கேட்டார், “மீன்ல தலையா, நடுக்கண்டமா, எது மிச்சம் இருக்கு?”

பலவேசம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேற்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது. தங்கபுஷ்பம் துணிப்பையை உதறி மடித்து வைத்ததைப் பார்த்தபோது அவருக்கு உயிரே போய்விட்டது. அம்மை வீட்டுக்குப் போகிறபோது எடுத்துப் போகிற பை அது.

உயிர் போகிற நேரத்தில்தான் மனுஷனுக்கு மூளை வேலை செய்யும். பலவேசம் துள்ளி எழுந்தார்.

“ஏய், பூமி சுத்துதுன்னா அது மட்டுமா சுத்துது? அதுமேல நிக்கற தூணும் சுத்துது, முக்கோணமும் சுத்துது, நாமளும் சுத்துதோம். எல்லாம் ஒரே பக்கமாத்தானே போவுது? அப்புறம் தரையில முளை அடிச்சா என்ன?”

ஊரே வாயைப் பிளந்தது. ஞானதிரவியம்கூட, “இதைச் சார் சொல்லித் தரலியே,” என்று முணுமுணுத்தார்.

மறுபடி ஏற்றினார்கள். தரையில் முளை அடித்துக் கட்டினார்கள். சாய்வுக் கட்டைகளைத் தேடி எடுத்து வந்து மூலைக்கு மூலை அடித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை விழுந்துவிட்டதே, அந்தப் பயம் லேசில் போகுமா?

“போதுமா?” என்றார் பலவேசம்.

“இன்னொண்ணு குடுத்து வைப்போமே அண்ணாச்சி. எதுக்கும் இருக்கட்டும்.”

எதுக்கும் இருக்கட்டும் என்று மிச்சமிருந்த சட்டம், கட்டை எல்லாம் தீர்ந்தன. பிறகு வீட்டுக்கு வீடு உலக்கை வந்தது, துடுப்பு வந்தது, ஏணி வந்தது, கதவு வந்தது. மாட்டு வண்டியின் நுகத்தடி வந்தது. கடைசியில் கொம்பையாவைத் தரையில் உருட்டிவிட்டு அவர் கட்டில் காலும் வந்தது. கொட்டகைக்குள் கோழிக்குஞ்சு நுழைய இடமில்லை. ஆனால் முக்கோணங்கள் ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல் நின்றன. அதன்மேல் நீலநிற பிளாஸ்டிக் ஷீட்டுகளைப் போட்டுக் கயிற்றால் கட்டியதும் ஊரே கைதட்டியது.

“சரி, உப்பை உள்ள கொண்டாங்க,” என்றார் பலவேசம்.

முதல் கூடை உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு போன தங்கபுஷ்பம் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றாள்.

“எந்த வழியா?”

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். வழி இல்லை.

“நாலைஞ்சு முட்டுக்கட்டையை எடுத்துட்டா…” என்று ஒருவர் ஆரம்பித்ததுமே பலவேசம் அவர் வாயைப் பொத்தினார்.

“மேஸ்திரி வந்து பாக்குற வரைக்கும் ஒண்ணையும் கழட்டக் கூடாது. வேணும்னா கேட்டுக்கிடுவோம்.”

போன் போட்டார். எடுத்த மாத்திரத்தில் மேஸ்திரி அலறினார். “தலைவரே, கழட்டிட்டியளா?”

“இன்னும் இல்ல, அதைத்தாம்…”

“தொடாதீங்க! சாமி, தொட்டுராதீங்க! நான் வந்து பாக்குற வரைக்கும் ஒண்ணைத் தொட்டாலும் ஊர்ல ஆள் மிஞ்சாது!” போன் கட் ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் ஒரு மழைத்துளி பலவேசத்தின் மூக்கில் விழுந்தது. அவர் அதை நாக்கால் தொட்டுப் பார்த்தார். கரிக்கவில்லை. மழைதான்.

“ஐயோ, போச்சே! உப்பும் போச்சு, பொண்டாட்டியும் போச்சே!” என்று வாய்விட்டு அழுதார். பாவம், அவர் அழுததைப் பார்த்து ஊரே அழுதது. தங்கபுஷ்பமும் அழுதாள், கூடையை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஞானதிரவியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “அண்ணாச்சி, முட்டுக்கட்டையைத்தானே தொடக் கூடாதுன்னாரு? ஷீட்டைத் தொடக் கூடாதுன்னு சொல்லலியே. உப்பு கூரைக்குப் போவ முடியலேன்னா கூரை உப்புக்கு வரட்டுமே!”

பலவேசம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஏணி முட்டாகப் போய்விட்டதால் தூண் வழியாக ஏறி, கயிற்றை அவிழ்த்து, அத்தனை ஷீட்டையும் இறக்கி அம்பாரத்துக்குக் கொண்டு ஓடினார்கள். அம்பாரம் மார் உயரத்துக்கு, வரப்பு மாதிரி நீளமாகக் கிடந்தது. ஷீட்டை மேலே போட்டால் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. வேறு வழியில்லாமல் பலவேசம் இந்தப் பக்கமும் ஞானதிரவியம் அந்தப் பக்கமும் காலை ஊன்றி, உப்புக்கு மேலாகச் சாய்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, முதுகில் ஷீட்டைப் போடச் சொன்னார்கள்.

“அண்ணாச்சி, இது முக்கோணமாச்சே!” என்றார் ஞானதிரவியம்.

“ஆமா வே! ஏய், எல்லாரும் மேஸ்திரி சொன்னபடி செய்யுங்க! மொத முக்கோணத்துக்கு முட்டு எங்க?”

தங்கபுஷ்பம் கூடை உப்பை அம்பாரத்திலேயே கொட்டிவிட்டு ஓடி வந்து பலவேசத்தின் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து முட்டுக் கொடுத்தாள். ஞானதிரவியத்துக்கு அவர் பெண்டாட்டி. இருவர் இடுப்பிலிருந்தும் கயிறு இழுத்துத் தரையில் முளை அடித்தார்கள். அடுத்த ஜோடி நின்றது. தோளுக்குத் தோள் ஒரு கயிறு, காலுக்குக் கால் ஒரு கயிறு, ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் காலுக்குச் சாய்வாக ஒரு துண்டு. இப்படியே கடைசி ஜோடிவரை. கீழே ஆள் நிற்கக் கூடாதே என்று ஒருவர் கேட்டதற்கு, கீழே இருப்பது உப்பு, ஆள் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. காற்றும் அடித்தது. ஒரு ஆள் அசையவில்லை. பலவேசத்துக்கு மூக்கு அரித்தது, சொரிந்துகொள்ளக் கை இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஷீட்டின் மேல் தண்ணீர் ஓடி இரண்டு பக்கமும் வாய்க்காலில் விழுந்தது. உள்ளே உப்பு பொரிபோல் காய்ந்து கிடந்தது.

“பரவால்ல,” என்றாள் தங்கபுஷ்பம், சொட்டச் சொட்ட நனைந்தபடி. “உங்களுக்கும் ஏதோ கொஞ்சம் தெரிஞ்சிருக்கு.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பலவேசத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பின் மேல் விழுந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடிக்கிற நேரத்தில் மேஸ்திரி லட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினார். “பேத்தி பொறந்திருக்கா!” என்று கூவியபடி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பக்கம் கூரையே இல்லாத கொட்டகை, உள்ளே ஊரிலுள்ள கதவு முதல் உலக்கை வரை. இன்னொரு பக்கம் கயிற்றால் கட்டிக்கொண்டு ஷீட்டைச் சுமக்கிற ஊர்.

மேஸ்திரி முதலில் கொட்டகையைத்தான் பார்த்தார், தொழில்காரர் அல்லவா. சுற்றி வந்து குண்டு நூல் விட்டு, நேராக நிற்கிறதா என்று பார்த்தார். இவ்வளவு காற்றுக்கும் ஒரு டிரஸ் இம்மி நகரவில்லை. அவருக்கே ஆச்சரியம்.

“சரி தலைவரே, மழைதான் விட்டுட்டுதே. கையை விட்டுட்டு வாங்க, லட்டு சாப்பிடுவோம்.”

“எப்படி வே விட? ஒருத்தன் விட்டா அத்தனை பேரும் சாஞ்சிருவோம்லா? முட்டு குடுத்துட்டுல்லா ஆளைக் கழட்டணும்!”

மேஸ்திரி வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி தங்கபுஷ்பத்திடம் சொன்னார்.

“யம்மா, அந்தா அத்தனை கட்டை கூடுதலா நிக்குல்லா? அதுல நல்லதா நாலு எடுத்து ஷீட்டுக்கு முட்டு குடுத்துட்டு, இவங்களை அவுத்து விடுங்க.”

“கழட்டலாமா? ஆகாதுன்னு போன்ல சத்தம் போட்டியளே?”

“நான் வந்து பாக்குற வரைக்கும்தானே ஆகாது? அதாம் வந்து பாத்துட்டேனே!” என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி லட்டுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டு கொட்டகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அலைந்து வந்த அலுப்பு அவருக்கு.

முளைக் கயிறு பிடித்துக்கொள்ளும் என்று கையை எடுத்துவிட்டு வந்த தங்கபுஷ்பமும் மற்றப் பெண்களும் கொட்டகைக்கு முன்னால் நின்று யோசித்தார்கள்.

“நல்லதா நாலுன்னாரு. எது நல்லதுன்னு நிக்க வச்சே எப்படிக்கா பாக்க?” என்றாள் ஞானதிரவியத்தின் பெண்டாட்டி.

“எப்படிப் பாக்க முடியும்? எல்லாத்தையும் எடுத்துக் கீழ வச்சாத்தான் பொறுக்க முடியும்,” என்றாள் தங்கபுஷ்பம். “கீழ ஒருத்தரும் நிக்காதீங்க, வெளிய நின்னே உருவுங்க.”

கெட்டிக்காரப் பெண்கள். உலக்கை, துடுப்பு, ஏணி, கதவு, முளை, மேல் கட்டை, கீழ்க் கட்டை, சாய்வுக் கட்டை என்று ஒன்று விடாமல் உருவி, வரிசையாகத் தரையில் அடுக்கினார்கள். கடைசியாக எட்டாமல் இருந்ததை மட்டும் கயிறு போட்டு இழுத்தார்கள்.

மேஸ்திரி இரண்டாவது லட்டை வாயில் வைத்த நேரம், முதுகுக்குப் பின்னால் தடதடவென்று சத்தம். முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, போகிற போக்கில் கல்தூண்களில் இரண்டையும் கூட்டிக்கொண்டு போயின. மேஸ்திரி திரும்பினார். வாயில் இருந்த லட்டை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

ஷீட்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, விழுந்து கிடந்த கொட்டகையைப் பலவேசம் நன்றாகப் பார்த்தார். குனிந்து, காய்ந்து கிடந்த உப்பையும் பார்த்தார்.

“நல்லவேளை மேஸ்திரி,” என்றார். “உம்ம பேச்சைக் கேட்டு உப்பை அதுக்குள்ள கொண்டு போய் வைக்காம இருந்தோம்!”